முடியாத சாட்சி

ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. இரண்டு கோரஸ் பாடி முடித்ததும், காணிக்கைப் பை சுற்றுவதற்கு முன்னால், பாஸ்டர் மைக்கை நீட்டி "யாராச்சும் சாட்சி சொல்றீங்களா?" என்பார். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். டெங்கு வந்து பிழைத்தவர், வேலை போய் வேலை கிடைத்தவர், மகன் எஸ்.பி.எம். தேறியவர், நெடுஞ்சாலையில் லாரிக்கு அடியில் போன காரிலிருந்து கீறல் இல்லாமல் வந்தவர். எல்லாச் சாட்சிக்கும் ஒரே எலும்புக்கூடுதான். துன்பம் வந்தது, ஜெபித்தேன், விடுதலை கிடைத்தது, அல்லேலூயா. மூன்று நிமிடம். கேட்பவர்களும் அல்லேலூயா சொல்லிவிட்டு உட்காருவார்கள். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் யாருமே பேச விடாத மனிதர்களுக்கு மைக் கிடைத்த ஒரே இடம் அது. என் பாட்டி தன் வாழ்நாளில் கூட்டத்தின் முன்னால் பேசியது அங்கே மட்டும்தான்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தாமான் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். இருபது பேர் இருந்திருப்போம். சாட்சி நேரத்தில் ஓர் அக்கா எழுந்தார். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அமைதியானவர். அதுவரை அவர் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. "எனக்குப் பதினாலு வயசு இருக்கும்போது, அப்போ யூத் லீடரா இருந்தாரே அவரு, கேம்ப்ல..." என்று தொடங்கினார். பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, அந்த அறையில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியும். மூன்றாவது வாக்கியத்துக்கு அவர் போவதற்குள் யாரோ ஒரு கோரஸைத் தொடங்கிவிட்டார்கள். கைத்தட்டல் சேர்ந்துகொண்டது. அக்கா நின்றபடியே இருந்தார், பிறகு உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து மீ கோரெங் பரிமாறினார்கள். தட்டு எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த வாரம் மூப்பர்கள் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போனார்கள். "இத்தனை வருஷம் கழிச்சு ஏன்மா இப்போ?" "அவரும் பிள்ளகுட்டியோட நல்லா இருக்காரு." "மன்னிச்சு விட்டுரும்மா, கர்த்தர் பாத்துக்குவாரு." அக்கா அதன்பிறகு சபைக்கு வரவில்லை. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஊர், சபை பெயர் வேண்டாம் என்றார்.

தேவாலயங்களில் நடக்கும் பாலியல் கொடுமைகளைப் பற்றிய படைப்புகளை அதன் பிறகுதான் ஒருவித வெறியோடு தேடிப் பார்த்தேன். பார்த்ததில் மூன்று படங்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். மூன்றுமே தெரிந்த படங்கள்தான். எனக்கிருந்த கேள்வி சிறியது: பாதிக்கப்பட்டவர் வாயைத் திறந்த பிறகு சபை என்ன செய்கிறது?

டாம் மெக்கார்த்தியின் 'ஸ்பாட்லைட்' எல்லோருக்கும் தெரியும். 2016இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பெற்றது. பாஸ்டன் குளோப் நாளிதழின் புலனாய்வுக் குழு, பாதிரியார்களின் குற்றங்களை கார்டினல் பெர்னார்ட் லாவின் நிர்வாகம் எப்படிப் பங்கிலிருந்து பங்குக்கு மாற்றி மாற்றி மறைத்தது என்பதை 2002 ஜனவரியில் வெளியிட்ட கதை. அந்த ஆண்டு டிசம்பரில் லா பதவி விலகினார். 2004இல் அவருக்கு ரோமிலுள்ள சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயப் பொறுப்பு கொடுத்தார்கள். மறைத்ததற்கு அது தண்டனையா பதவி உயர்வா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நல்ல படம். ஆனால் அது பத்திரிகையாளர்களின் படம். கோப்புகள், கதவு தட்டல், நீதிமன்ற அலுவலகம், கடைசியில் ஓயாமல் மணியடிக்கும் தொலைபேசிகள். பாதிக்கப்பட்டவர்கள் தகவல் கொடுப்பவர்களாக வருகிறார்கள், கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பார்க்கிற நாம் வசதியாகப் பத்திரிகையாளர்களின் பக்கம் நின்றுகொள்கிறோம். சபை ஒன்று இந்தப் படத்தைப் போட்டுக் காட்டிக் கற்றுக்கொள்ள நினைத்தால், அது உட்காருவதற்கு இதில் நாற்காலியே இல்லை.

அப்படியும் இரண்டு காட்சிகளை நான் விட மாட்டேன். ஒன்று, சாஷா என்ற நிருபர் பாதிக்கப்பட்ட ஒருவரிடம் பேசுவது. அவர் பொதுவான ஒரு சொல்லைச் சொல்லிக் கடந்துபோகப் பார்க்கிறார். சாஷா மென்மையாக, ஆனால் விடாமல், அந்தச் சொல் போதாது, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்கிறார். இதைப் பார்த்தபோது எங்கள் சபைகளின் அகராதி ஞாபகத்துக்கு வந்தது. இப்படி ஏதாவது வெளியே வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "ஊழியர் விழுந்துட்டாரு." "சோதனையில மாட்டிக்கிட்டாரு." விழுவது என்றால் என்ன? மாடிப்படியில் கால் தடுக்கி விழுவது. அதில் விழுந்தவருக்குத்தான் அடி. விழுந்தவரைத்தான் ஓடிப்போய்த் தூக்குவோம். ஒரே வினைச்சொல்லில் குற்றவாளி நோயாளி ஆகிவிட்டார், பதினாலு வயதுப் பிள்ளை வாக்கியத்திலேயே இல்லை. நாளிதழ்களின் 'சில்மிஷம்', 'சீண்டல்' எல்லாம் இதற்குத் தம்பி முறைதான்.

இரண்டாவது காட்சி, குழுவின் தலைவர் ராபி ஒப்புக்கொள்வது. இருபது பாதிரியார்கள் பற்றிய தகவல் பல வருடங்களுக்கு முன்பே அந்தப் பத்திரிகைக்கு வந்திருக்கிறது, சின்னச் செய்தியாகப் போட்டு மறந்திருக்கிறார்கள், அப்போது அந்தப் பக்கத்தின் பொறுப்பு அவரிடம்தான் இருந்திருக்கிறது. யாரும் அவர்மேல் பாயவில்லை. அறையில் ஓர் அமைதி, அவ்வளவுதான். படத்தில் நான் நிற்க வேண்டிய இடம் அது என்று உடனே தெரிந்தது. மீ கோரெங் தட்டோடு.

பிரான்சுவா ஓசோனின் பிரெஞ்சுப் படத்துக்கு வருகிறேன். 'கடவுளின் கருணையால்' என்று தமிழில் சொல்லலாம். 'நல்லவேளை' என்றும் சொல்லலாம், அதில்தான் அந்தத் தலைப்பின் விஷம் இருக்கிறது. லியோன் நகரின் கார்டினல் பிலிப் பர்பரன் 2016இல் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது, இந்தச் சம்பவங்களில் பெரும்பாலானவை கடவுள் புண்ணியத்தில் சட்டப்படி காலாவதியாகிவிட்டன என்ற பொருளில் பேசிவிட்டார். வாய் தவறியதுதான். ஆனால் வாய் தவறும்போது வெளியே விழுவது நெஞ்சில் இருப்பதுதானே. 2019 பெர்லின் விழாவில் இந்தப் படம் நடுவர் குழுவின் பெரிய வெள்ளிக்கரடி விருதைப் பெற்றது.

முதலில் அலெக்சாந்தர். நல்ல வேலை, ஐந்து பிள்ளைகள், ஞாயிறு தவறாத கத்தோலிக்கர். சிறுவனாக இருந்தபோது சாரணர் முகாம்களில் தன்னைச் சீரழித்த பாதிரியார் பெர்னார் பிரேனா இன்னமும் சிறுவர்களோடு வேலை செய்கிறார் என்று அறிந்து கார்டினலுக்குக் கடிதம் எழுதுகிறார். நம்மில் பலருக்கு இங்கே ஒரு எதிர்பார்ப்பு வரும்: கதவைச் சாத்துவார்கள், மிரட்டுவார்கள். ஓசோன் அப்படிச் செய்யவில்லை. பதில் வருகிறது. மரியாதையான பதில். திருச்சபை சார்பில் ஒரு பெண்மணி பொறுமையாகக் கேட்கிறார். பாதிரியாரோடு நேருக்கு நேர் சந்திப்புக்கும் ஏற்பாடாகிறது. பாதிரியார் மறுக்கவே இல்லை, ஒப்புக்கொள்கிறார். பிறகு அந்தப் பெண்மணி, முடிக்கும்போது ஜெபம் செய்யலாம் என்கிறார். மூன்று பேரும் கைகோத்து ஜெபிக்கிறார்கள்.

இந்தக் காட்சியை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அடிதடி இல்லை, குரல் உயரவில்லை. சிறுவயதில் அவரைத் தொட்ட அதே கையை நாற்பது வயதில் சபையின் ஆசீர்வாதத்தோடு பிடிக்க வைக்கிறார்கள். செய்தவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. கூட்டத்தை முடிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி ஜெபம். எங்கள் வீட்டுக்கூட்டத்தில் கோரஸைத் தொடங்கியவருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது என்றே இன்று நினைக்கிறேன். சங்கடமான மௌனத்தை நிரப்ப அவருக்குப் பாட்டுத்தான் தெரியும். கொடுமை என்பது அந்த நல்லெண்ணம்தான். கெட்ட சபையை எதிர்த்து வழக்குப் போடலாம். அன்பாகப் பேசி, ஜெபித்து, டீ கொடுத்து அனுப்பிவிட்டு எதுவுமே செய்யாத சபையை என்ன செய்வது? அவ்வளவு மரியாதைக்கும் பிறகு பிரேனா அதே இடத்தில்தான் இருக்கிறார். அலெக்சாந்தர் கடைசியில் அரசு வழக்கறிஞருக்கு எழுதுகிறார். அவருடைய புகார் சட்டப்படி காலாவதி. ஆனால் அந்தப் புகாரைப் பிடித்துக்கொண்டு போலீஸ் மற்றவர்களைத் தேடுகிறது.

அங்கே படம் ஒரு விசித்திரமான காரியம் செய்கிறது. கதாநாயகன் என்று நாம் நம்பிக்கொண்டிருந்த அலெக்சாந்தரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு பிரான்சுவா என்பவரைப் பிடித்துக்கொள்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர், கோபக்காரர், சத்தக்காரர். அவரிடமிருந்து இமானுவேலுக்குப் போகிறது. அவர் உடைந்துபோனவர், நிலையான வேலை இல்லை, வலிப்பு வரும். தொடர் ஓட்டத்தில் கோலை மாற்றுவதுபோல ஒருவர் சாட்சி இன்னொருவர் கைக்குப் போகிறது. யாருடைய சாட்சியும் அல்லேலூயாவில் முடியவில்லை. மூன்று பேருக்கும் தங்களுக்குள்ளேயே சண்டை வேறு. சிறுவன் கூடாரத்துக்குள் கூட்டிச் செல்லப்படும் பின்னோக்குக் காட்சிகளை மட்டும் ஓசோன் தவிர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. முகங்களே போதும், அந்த நடிகர்களின் முகங்கள் அவ்வளவு சொல்கின்றன. படத்தின் முடிவில் அலெக்சாந்தரின் மகன், அப்பா இன்னும் கடவுளை நம்புகிறாரா என்று கேட்கிறான். பதில் சொல்லாமல் படம் முடிகிறது. எங்கள் ஞாயிறு ஆராதனையில் அந்த இடத்தில் மைக்கை வாங்கியிருப்பார்கள்.

திரைக்கு வெளியே நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 2019 மார்ச்சில் பர்பரனுக்கு, தெரிந்தும் புகார் செய்யாததற்காக, ஆறு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2020 ஜனவரியில் மேல்முறையீட்டில் அது ரத்தானது. மார்ச்சில் அவருடைய பதவி விலகலை போப் ஏற்றுக்கொண்டார். அதே மாதம் பிரேனாவுக்கு ஐந்து ஆண்டுச் சிறை. 2021 அக்டோபரில் ழான் மார்க் சோவே தலைமையிலான சுதந்திர ஆணையம் பிரான்ஸ் திருச்சபை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 1950க்கும் 2020க்கும் இடையில் பாதிரியார்களாலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்ட சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ 2 லட்சத்து 16 ஆயிரம் பேர் என்பது அதன் மதிப்பீடு. திருச்சபை நிறுவனங்களில் வேலை செய்த மற்றவர்களையும் சேர்த்தால் 3 லட்சத்து 30 ஆயிரம். அடுத்த மாதம் லூர்து நகரில் ஆயர்கள் மண்டியிட்டார்கள். மண்டியிட்டதை விட முக்கியமானது, தவறு தனி ஆட்களுடையது மட்டுமல்ல, நிறுவனத்துடையதும்தான் என்று ஒப்புக்கொண்டு, இழப்பீட்டுக்காகச் சொத்தை விற்கவும் தயார் என்று அறிவித்தது. மனந்திரும்புதல் நிலப்பட்டா வரைக்கும் போனால்தான் நம்பலாம் என்பது என் கட்சி.

"அதெல்லாம் கத்தோலிக்கரோட பிரச்சன, சாமியாருக்குக் கல்யாணம் இல்லல்ல" என்று நம் பெந்தெகொஸ்தே நண்பர்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ரவி சக்கரியாஸை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. 1946இல் சென்னையில் பிறந்தவர், உலகம் முழுக்கப் பேசியவர், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அவருக்குப் பெரிய கூட்டம் இருந்தது. கல்லூரி நாட்களில் அவருடைய பேச்சை குறுவட்டில் கேட்டு, நம்ம ஆள் ஒருத்தர் வெள்ளைக்காரப் பேராசிரியர்களையே வாயடைக்க வைக்கிறாரே என்று பெருமைப்பட்டவன் நான். கல்யாணமானவர், பிள்ளைகள் பெற்றவர். 2017இலேயே கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் புகார் சொன்னார். அவர்மேல் ரவி வழக்குப் போட்டார். வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அது முடித்துவைக்கப்பட்டது. 2020 மே மாதம் அவர் இறந்தபோது உலகமே அஞ்சலி செலுத்தியது. சில மாதங்களில் மசாஜ் நிலையங்களில் வேலை செய்த பெண்கள் பேசத் தொடங்கினார்கள். நாங்கள் அறிந்த மனிதர் இவரல்ல என்று அமைப்பு முதலில் மறுத்தது. பிறகு அந்த அமைப்பே அமர்த்திய வழக்கறிஞர் நிறுவனம் 2021 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் உறுதிப்படுத்தியது. நிர்வாகக் குழு மன்னிப்புக் கேட்டது, பதிப்பகம் புத்தகங்களைத் திரும்பப் பெற்றது.

அந்த அறிக்கையில் ஓரிடம் என்னைத் தூங்கவிடவில்லை. பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் அவர், நீ இதை வெளியே சொன்னால் என் பெயர் கெடும், அதனால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் நரகத்துக்குப் போகும், அதற்கு நீதான் பொறுப்பு என்ற பொருளில் எச்சரித்திருக்கிறார். தர்க்கத்தில் பெயர்பெற்ற மனிதரின் தர்க்கம் இது. இதன் சின்னப் பதிப்பு நம் ஊரில் எல்லா இடத்திலும் இருக்கிறது. "சபைக்குக் கெட்ட பேரு வந்துரும்." "இந்துக்கள் என்ன நினைப்பாங்க." "ஏற்கெனவே சின்ன கூட்டம் நாம." ஆத்துமாக்களின் எண்ணிக்கையைக் காட்டி ஓர் ஆத்துமாவின் வாயை அடைப்பது. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையை வருடத்துக்கு நாலு முறை பிரசங்கிக்கிறவர்கள்தான் இந்தக் கணக்கையும் போடுகிறார்கள்.

மூன்றாவது படம் சாரா போலியின் 'வுமன் டாக்கிங்', 2022இல் வந்தது. மிரியம் டேவ்ஸின் 2018ஆம் ஆண்டு நாவல்தான் மூலம். பொலிவியாவில் மென்னோனைட் கிறிஸ்தவர்களின் மனிடோபா குடியிருப்பில் 2005க்கும் 2009க்கும் இடையில் நடந்தது நாவலுக்குப் பின்னால் இருக்கிறது. கால்நடைகளுக்கான மயக்க மருந்தைத் தெளித்து இரவில் பெண்களையும் சிறுமிகளையும் வன்புணர்ந்தார்கள். காலையில் இரத்தத்தோடு எழுந்தவர்களிடம் பிசாசின் வேலை என்றார்கள், கற்பனை என்றார்கள். செய்தவர்கள் அதே சபையின் ஆண்கள். 2011இல் ஏழு பேருக்கு 25 ஆண்டுச் சிறை கிடைத்தது.

டேவ்ஸ் குற்றத்தை எழுதவில்லை, அதற்குப் பிந்திய இரண்டு நாட்களைக் கற்பனையாக எழுதினார். பிடிபட்டவர்களை ஜாமீனில் எடுக்க ஆண்கள் நகரத்துக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வருவதற்குள் பெண்கள் அவர்களை மன்னித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பரலோகம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்கள் வைக்கோல் பரணில் கூடிப் பேசுகிறார்கள்: சும்மா இருப்பதா, இருந்து போராடுவதா, கிளம்பிவிடுவதா? படத்தின் சாம்பல் பூத்த நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. துக்கம் என்றால் நிறம் போய்விடும் என்று யார் சொன்னது? நாவலில் முழுக் கதையும் ஆகஸ்ட் என்ற பள்ளி ஆசிரியர் எழுதும் கூட்டக் குறிப்புகள். படத்திலும் அவர் இருக்கிறார், ஆனால் கதை சொல்லும் குரல் ஒரு சிறுமியுடையதாக மாறிவிட்டது. அதற்கு நியாயம் இருக்கலாம். எனக்கு நாவலின் ஆகஸ்ட்தான் பிரியம். குறுக்கே பேசத் தவிப்பான், அடக்கிக்கொண்டு எழுதுவான். பாதிக்கப்பட்டவர்கள் பேசும்போது ஒரு சபை செய்யக்கூடிய முதல் காரியத்துக்கு இவ்வளவு நல்ல உருவம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உட்கார், கேள், சொன்னதைச் சொன்னபடி எழுதிவை.

ஆனால் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. மரிச்சே என்பவள் கணவனிடம் அடிவாங்குகிறவள், கை கட்டுப்போட்டிருக்கிறது, எல்லோரிடமும் எரிந்து விழுகிறாள். அவளுடைய அம்மா கிரேத்தா, ஒவ்வொரு தடவையும் அவனை மன்னித்துவிட்டுத் திரும்பிப் போ என்று அனுப்பியவள். அந்த அம்மா இப்போது மகளிடம் மன்னிப்புக் கேட்கிறாள். மன்னிப்பு என்ற பெயரில் உன்னிடம் கேட்கப்பட்டது மன்னிப்பே இல்லை, அதைத் தவறாகப் பயன்படுத்தினோம் என்கிற அர்த்தத்தில். அடித்தவன் அந்த இடத்தில் இல்லை. அவன் திருந்தினானா, தண்டனை பெற்றானா, தெரியாது. மன்னிப்புக் கேட்பவள், அடித்தவனிடம் திருப்பி அனுப்பியவள்.

இத்தனை படம் பார்த்ததில் எனக்குக் கிடைத்தது இந்த ஒரு இடம்தான். நம் சபைகளில் 'மன்னிப்பு' என்ற சொல் எப்போதும் பாதிக்கப்பட்டவரை நோக்கியே ஓடுகிறது. மன்னிக்க வேண்டியது அவர், கசப்பை விட வேண்டியது அவர், ஜெபிக்க வேண்டியது அவர். குற்றம் செய்தவனுக்காக சபை மன்னிப்புக் கேட்க முடியாது, அது அவன் பாடு. ஆனால் பாட்டுப் பாடியதற்கு, வீட்டுக்குப் போய்ப் புத்தி சொன்னதற்கு, தெரிந்தும் அவரை இன்னொரு சபைக்கு நற்சான்றிதழோடு அனுப்பியதற்கு, சபைதான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அவர் மன்னிப்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கவும் கூடாது.

வேதாகமத்தில் இடமில்லாமல் இல்லை. 2 சாமுவேல் 13ஆம் அதிகாரம். தாவீதின் மகள் தாமாரை வேறு தாய்க்குப் பிறந்த அவளுடைய அண்ணன் அம்னோன் கெடுத்துவிட்டுத் துரத்துகிறான். அவள் தலையில் சாம்பல் போட்டு, உடையைக் கிழித்துக்கொண்டு, சத்தமாக அழுதபடி போகிறாள். மறைத்துக்கொண்டு போகவில்லை, கவனியுங்கள். கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம், அவன் உன் அண்ணன்தானே, பேசாமல் இரு என்கிறான். அப்பா தாவீதுக்குக் கோபம் வருகிறது, ஒன்றும் செய்யவில்லை. தாமார் அண்ணன் வீட்டில் பாழாய்ப்போனவளாகத் தங்கிவிடுகிறாள், அதன்பிறகு அவள் குரல் இல்லை. இந்த அதிகாரத்தை வைத்து ஒரு ஞாயிறு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. அபிஷேகம் பெற்றவர்மேல் கைவைக்காதே என்ற வசனத்தை மட்டும் கணக்கில்லாத தடவை கேட்டிருக்கிறேன். அதே அபிஷேகம் பெற்ற தாவீதின் முகத்துக்கு நேரே நாத்தான் குற்றம் சாட்டியது சரியாக ஒரு அதிகாரம் முன்னால்தான் இருக்கிறது.

விமர்சனக் கட்டுரையில் நடைமுறை பேசலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பேசாமல் இந்தப் படங்களைப் பற்றி மட்டும் எழுதினால் நானும் கோரஸ் பாடியதாகிவிடும். சபைக்குள் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை இது, முதலில் அதை மூப்பர்களுக்குச் சொல்ல வேண்டும். மலேசியாவில் சிறார் பாலியல் குற்றங்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தும் தகவல் தராதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்துகொண்டு செய்தவனுக்குக் கூடுதல் தண்டனையும் உண்டு. போலீஸுக்குப் போவது அவிசுவாசம் அல்ல. வத்திக்கானே 2019இல் பாதிரியார்களும் துறவிகளும் புகாரை மேலிடத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று விதி போட்டது, போலீஸ் விஷயத்தை மட்டும் அந்தந்த நாட்டுச் சட்டத்திடம் விட்டுவிட்டது. மேலிடத்துக்குச் சொன்னால் போதுமா என்பதற்கு லியோனே பதில். காலம் கடந்துவிட்டது என்பதும் சாக்கு. சிங்கப்பூரில் 2005க்கும் 2007க்கும் இடையில் இரண்டு பதின்ம வயதுப் பையன்களுக்குச் செய்த கொடுமைக்காக ஒரு கத்தோலிக்கத் துறவற சபை உறுப்பினருக்கு 2022இல் ஐந்து ஆண்டுச் சிறை கிடைத்தது.

போலீஸ் விசாரிக்கும்வரை அவரைப் பிள்ளைகள் பக்கமிருந்து விலக்கிவைப்பது தீர்ப்பு ஆகாது, பாதுகாப்பு. விசாரிக்கிற குழுவில் அவருடைய மச்சானும் சம்பந்தியும் இருக்கக்கூடாது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், நம் சபைகளைத் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஆலோசகருக்கான செலவைச் சபை கொடுக்கட்டும், ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது பாதிக்கப்பட்டவராக இருக்கட்டும். பாஸ்டரின் மனைவி 'கவுன்சலிங்' கொடுப்பது அதற்கு ஈடாகாது. வாயை மூடும் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்து வாங்கக்கூடாது. அவர் திரும்பி வருவாரா, எங்கே உட்காருவார், யார் கையிலிருந்து திருவிருந்து வாங்குவார் என்பதெல்லாம் அவருடைய முடிவு. வராமலே போனாலும் ஆலோசகரின் பில் சபைக்குத்தான் வர வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கும் முன்பு அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீயும் பாடுனியா தம்பி?" என்றார்.

"பாடினேன்க்கா. கை தட்டினேன்."

"ம்."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நான் எழுதப்போகிற படங்களைப் பற்றிக் கேட்டார். ஓசோன் படத்தின் பெயரை எழுதி அனுப்பச் சொன்னார், சப்டைட்டில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. அந்தக் கைகோக்கிற இடம்வரை பார்த்தாராம். அங்கே நிறுத்திவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாராம். "மீதிய அப்புறம் பாக்குறேன். நீ கதைய சொல்லிடாத" என்றார்.